தொழிற்கூடத்துக்குள் ஸ்மார்ட்ஃபோனையே இன்டர்காம் ஆக்குவது எப்படி?

பனியன் கம்பெனியோ, மருத்துவமனையோ, மூன்று மாடி ஜவுளிக்கடையோ, எல்லா இடத்திலும் ஒரே தொல்லைதான்: தேடுகிற ஆள் தன் மேசையில் இருப்பதில்லை. ஆபீஸில் இன்டர்காம் அடித்துக்கொண்டே இருக்கும். சூப்பர்வைசர் கட்டிங் டேபிள் பக்கம் நின்றுகொண்டிருப்பார். இதற்கு நல்ல வழி, கையோடு எடுத்துப்போகிற ஸ்மார்ட்ஃபோனை வைஃபை மூலம் எக்ஸ்டென்ஷனாக, அதாவது கம்பெனியின் உள் எண்ணுள்ள ஃபோனாக மாற்றிவிடுவது. சிம் வேண்டாம், உள்ளுக்குள் பேசக் காசு வேண்டாம். கம்பெனி லேண்ட்லைனுக்கு வரும் அழைப்பைக் குடோனில் நிற்பவருக்கு அப்படியே மாற்றிவிடலாம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை யூனிட்டில் இதை அமைத்துக்கொடுத்தேன். கட்டிங், தையல், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று தளங்கள், பின்னால் தகரக் கூரை போட்ட குடோன், ஆபீஸில் லேண்ட்லைன். படித்துப் பார்த்த குறிப்புகள் பெரும்பாலும் அழைப்புகளை இணைக்கும் சர்வரை (பிபிஎக்ஸ்) நிறுவுவதோடு நின்றுவிட்டன. உண்மையில் சர்வர் அரை நாள் வேலை. பாடுபடுத்துவது வைஃபை, ஃபோனின் பேட்டரி செட்டிங், வெளி லைன் இந்த மூன்றும்தான். அதனால் இவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

1. எது கூடும், எது கூடாது

உங்கள் வளாகத்துக்குள் வைஃபை வழியாகப் பேசிக்கொள்ள எந்த உரிமமும் தேவையில்லை. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளை இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். கருவிகளை இங்கேயே பில்லோடு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வயர்லெஸ் கருவிக்குத் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். அந்தத் தலைவலி சிறு நிறுவனத்துக்கு வேண்டாம்.

வெளி அழைப்புகளில்தான் எச்சரிக்கை தேவை. உங்கள் பெயரில் உள்ள லேண்ட்லைனையோ, டெலிகாம் நிறுவனம் தரும் எஸ்ஐபி ட்ரங்கையோ (இணைய முறையில் பல அழைப்புகளைச் சுமக்கும் வெளி லைன்) இணைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் வெளியூர்க் கிளையின் அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து இந்த ஊர் லேண்ட்லைன் வழியாக வெளியே தள்ளுவது குற்றம். பல சிம் கார்டுகளைப் போட்டு அடுத்தவர் அழைப்புகளை இறக்கிவிடும் பெட்டிகளும் அப்படியே. "எஸ்டிடி செலவே வராது, நான் செட் பண்ணித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வேறு ஊரில் கிளை இருந்து, அதையும் சேர்க்க நினைத்தால், டெலிகாம் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கி ஃபைலில் வையுங்கள்.

2. யாருக்கு ஃபோன், என்ன நம்பர்

தொழிலாளர்களின் சொந்த ஃபோனில் ஆப் போட்டுவிடலாம் என்ற எண்ணம் முதலாளிக்கு முதலில் வரும். செலவு மிச்சம் என்று தோன்றும். வேண்டாம் என்பேன். பல யூனிட்டுகளில் தையல் தளத்துக்குள் சொந்த ஃபோனுக்கே அனுமதி இல்லை. அதோடு, ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவரின் ஃபோனில் கம்பெனி வேலை ஒட்டிக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் அநியாயம். பொறுப்புக்கு ஒரு ஃபோன் என்று வையுங்கள்: "செக்கிங்", "பேக்கிங்", "குடோன்". ஷிஃப்ட் மாறும்போது ஃபோன் கை மாறும், நம்பர் மாறாது.

எக்ஸ்டென்ஷன் நம்பரை 1-இல் தொடங்காதீர்கள். 100, 101, 108, 112, 1098 எல்லாம் அவசர எண்கள், மோதிக்கொள்ளும். 200 வரிசை ஆபீஸுக்கு, 300 வரிசை உற்பத்திக்கு, 400 வரிசை குடோனுக்கும் கேட்டுக்கும் என்று பிரித்தால் மனதில் நிற்கும்.

3. வைஃபை: பணத்தைப் போட வேண்டிய இடம்

ஆபீஸில் இருக்கும் ரூட்டரையும் கடையில் கிடைக்கும் ரிப்பீட்டரையும் நம்பி இறங்காதீர்கள். வாட்ஸ்அப் செய்தி இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாருக்கும் தெரியாது. பேச்சு கால் நொடி தடுமாறினால் எதிரே இருப்பவர் "ஹலோ ஹலோ" என்று கத்த ஆரம்பித்துவிடுவார்.

வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, யூனிட் முழுக்க நடந்து அளவெடுங்கள். பேச்சுக்கு மைனஸ் 67 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்கு நெருக்கமான அளவு எல்லா மூலையிலும் வேண்டும். மைனஸ் 75 என்று காட்டும் இடத்தில் இணையம் ஓடும், பேச்சு அறுபடும். அளவெடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். நீங்கள் கொடுக்கப்போகும் அதே மாடல் ஃபோனைக் கொண்டு அளவெடுங்கள். விலை உயர்ந்த ஃபோன் காட்டும் அளவு உதவாது. குடோனில் துணி ரோல்கள் அடுக்கியிருக்கும் நாளில் அளவெடுங்கள். ஏற்றுமதி போய்க் காலியாகக் கிடக்கும் குடோனில் சிக்னல் அருமையாக இருக்கும். அடுத்த வாரம் சரக்கு வந்ததும் பாதியில் நின்றுவிடும்.

தளத்துக்கு ஒன்றோ இரண்டோ அக்சஸ் பாயிண்ட், அதாவது வைஃபை சிக்னல் தரும் பெட்டி, தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுங்கள். கேபிளிலேயே மின்சாரமும் போகும் பிஓஈ வகை நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கினால் மேலே தனி பிளக் பாயிண்ட் தேவையில்லை. ஸ்விட்சிலிருந்து அக்சஸ் பாயிண்ட் வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மெஷின்களுக்குப் போகும் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் நெட்வொர்க் கேபிளைத் திணிக்க எலெக்ட்ரீஷியனை விடாதீர்கள். அயர்ன் டேபிளுக்கு நேர் மேலே அக்சஸ் பாயிண்ட் வேண்டாம், நீராவி அதைத் தின்றுவிடும். ஸ்விட்சை மூடிய ரேக்கில் வைத்து மாதம் ஒருமுறை தூசி தட்டுங்கள். பஞ்சுத் தூசி அடைத்துச் சூடேறினால் அது சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும்.

செட்டிங்கில் செய்ய வேண்டியவை:

எல்லா அக்சஸ் பாயிண்டுக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஃபோன்களுக்கென்று தனிப் பெயர் வைத்து, அதில் வேறு எந்தக் கருவியையும் சேர்க்காதீர்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சேனல்களை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். முடிந்தவரை ஃபோன்கள் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடட்டும்.

அக்சஸ் பாயிண்டின் சக்தியை உச்சத்தில் வைக்காதீர்கள். அதன் குரல் ஃபோனுக்குக் கேட்கும், ஃபோனின் குரல் அதற்கு எட்டாது. ஒரு பக்கம் மட்டும் பேச்சு கேட்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, மேல் தளத்துக்குப் போன பிறகும் ஃபோன் கீழ்த் தள அக்சஸ் பாயிண்டையே பிடித்துத் தொங்கும். நடுத்தர அளவு போதும்.

குரலுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம் ஆன் நிலையில் இருக்கட்டும். தளம் மாறும்போது பேச்சு அறாமலிருக்க 802.11 கே, வி என்ற வசதிகள் இரண்டையும் ஆன் செய்யுங்கள். 802.11 ஆர் சில மலிவு ஃபோன்களோடு ஒத்துப்போகாது. சோதித்த பிறகே போடுங்கள்.

"கிளையன்ட் ஐசொலேஷன்" ஆஃப். இது ஆன் ஆக இருந்தால் ஒரு ஃபோன் இன்னொரு ஃபோனோடு நேரடியாகப் பேச முடியாது. மணி அடிக்கும், எடுத்தால் நிசப்தம். கெஸ்ட் வைஃபையில் இது தானாகவே ஆன் ஆக இருக்கும்.

இணைய வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஜி.711 என்ற குரல் முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் ஏறத்தாழ 87 கிலோபிட்தான் ஆகும். உள்ளுக்குள் பேசும் அழைப்புகள் இணையத்துக்கே போவதில்லை.

4. பிபிஎக்ஸ்

அழைப்புகளை இணைத்துவைக்கும் மூளை இது. இரண்டு வழிகள் உண்டு. ஓரளவு கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் உள்ளே இருந்தால், பழைய டெஸ்க்டாப்பில் ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். அதன் அடியில் ஓடுவது ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள். 30, 40 ஃபோன்களுக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரே தாராளம். ஆள் இல்லையென்றால் கிராண்ட்ஸ்ட்ரீம் யூசிஎம் போன்ற ஐபி பிபிஎக்ஸ் பெட்டியை வாங்குங்கள். பெரும்பாலான மாடல்களில் லேண்ட்லைன் போர்ட்டும் அதிலேயே இருக்கும், சர்வீஸ் ஆளும் கிடைப்பார். எங்கள் யூனிட்டுக்குப் பெட்டிதான் சரி என்று முடிவெடுத்தேன். நான் ஊரில் இல்லாத நாளிலும் அது ஓட வேண்டும் அல்லவா.

பிபிஎக்ஸுக்கு நிலையான ஐபி முகவரி கொடுங்கள். ரூட்டரில் "எஸ்ஐபி ஏஎல்ஜி" என்று ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு அழைப்புகளைக் குழப்பிவிடும்.

பிபிஎக்ஸ், ஸ்விட்ச், ரூட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளில் இவை அணைந்து எழுந்தால், மொத்த ஃபோன்களும் மறுபடி பதிவாகிச் சீராகச் சில நிமிடங்கள் போய்விடும். அவசரமாக ஆளைக் கூப்பிட வேண்டிய நேரமும் அதுதான்.

5. ஃபோன், ஆப், பேட்டரி செட்டிங்

ஃபோன் வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிறதா என்று பெட்டியின் மேல் பார்த்து வாங்குங்கள். மிக மலிவான சில மாடல்களில் 2.4 மட்டுமே இருக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரி ஒரு ஷிஃப்டுக்குத் தாங்கும். எல்லாரும் ஒரே மாடல் வைத்திருந்தால் செட்டிங் சொல்லிக்கொடுப்பது எளிது.

ஆண்ட்ராய்டு 12-லிருந்து கூகுள் தன் ஃபோன் ஆப்பில் இருந்த எஸ்ஐபி (இணைய முறை அழைப்பு) வசதியைக் கைவிட்டது. ஆகவே தனி ஆப் தேவை. லின்ஃபோன் இலவசம், ஜாய்ப்பரும் பரவலாகப் பயன்படுகிறது, கிராண்ட்ஸ்ட்ரீம் பெட்டி என்றால் அவர்களுடைய வேவ் ஆப் இருக்கிறது.

இனி வருவதைத் தவறாமல் செய்யுங்கள். "ஃபோன் மேசையில் இருந்தது, மணியே அடிக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வரும். திரை அணைந்து சிறிது நேரமானதும் ஆண்ட்ராய்டு ஆப்களைத் தூங்கவைத்துவிடும். ஆப் தூங்கினால் அழைப்பு வராது. ஒவ்வொரு ஃபோனிலும்:

பேட்டரி பகுதியில் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாடு இல்லை என்று மாற்றுங்கள். சாம்சங்கில் ஸ்லீப்பிங் ஆப்ஸ் பட்டியலில் இது விழாமல் பாருங்கள். ரெட்மி, விவோ, ஓப்போ வகைகளில் ஆட்டோஸ்டார்ட் அனுமதியும் தர வேண்டும்.

பயன்படுத்தாத ஆப்பின் அனுமதிகளைத் தானாக நீக்கும் வசதியை இந்த ஆப்புக்கு ஆஃப் செய்யுங்கள். மைக், அறிவிப்பு, முழுத்திரை அறிவிப்பு அனுமதிகள் இருக்கின்றனவா பாருங்கள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்கும் தனியாக அனுமதி தர வேண்டும்.

இணையம் அறுந்த நேரத்தில் "இந்த வைஃபையில் இணையம் இல்லை" என்று ஃபோன் கேட்டால், இதிலேயே இரு என்று தேர்ந்தெடுத்து, மறுபடி கேட்காதே என்பதையும் டிக் செய்யுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் உள் அழைப்புகள் ஓடும். ஃபோன்தான் பயந்து வைஃபையை விட்டு வெளியேறிவிடும். சோதனை நாளில் இணையக் கேபிளை வேண்டுமென்றே பிடுங்கி இந்தக் கேள்வியை வரவழைத்துப் பதில் சொல்லிவிடுங்கள்.

ஐஃபோனை உற்பத்தித் தளத்துக்குக் கொடுக்க வேண்டாம். மூடிக்கிடக்கும் ஆப்புக்கு அழைப்பைச் சொல்ல ஆப்பிளின் புஷ் அறிவிப்பு வேண்டும். அதற்கு இணையமும், ஆப் நிறுவனத்தின் புஷ் சேவையும் தேவை. முதலாளியின் கையில் ஐஃபோன் இருந்தால், புஷ் ஆதரவுள்ள கட்டண ஆப் ஒன்றை அவருக்கு மட்டும் வாங்குங்கள்.

தையல் தளத்தின் இரைச்சலுக்கு மைக் உள்ள வயர் இயர்ஃபோன் போதும். புளூடூத் ஹெட்செட் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடுவதால் அந்த வைஃபையோடு இடித்துக்கொள்ளும். மணியோடு வைப்ரேஷனும் இருக்கட்டும்.

6. வெளி லைன்: ஆவணங்களும் பொறிகளும்

அ. இருக்கும் லேண்ட்லைனை இணைப்பது. பிபிஎக்ஸ் பெட்டியின் எஃப்எக்ஸ்ஓ என்ற லேண்ட்லைன் போர்ட்டில் லைனைச் செருக வேண்டும். ஃபைபர் இணைப்பு என்றால் ஃபைபர் பெட்டியின் ஃபோன் போர்ட்டிலிருந்து வயர் இழுக்கலாம். புதிய ஆவணம் எதுவும் தேவையில்லை. எங்களுக்கு இங்கே வந்த தொல்லை, வெளியாள் ஃபோனை வைத்த பிறகும் லைன் பிஸியாகவே கிடந்தது. பிபிஎக்ஸில் நாடு வேறாக இருந்ததால் இந்திய பிஸி டோனை அதற்கு அடையாளம் தெரியவில்லை. நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். பெட்டி டோன் விவரத்தைக் கேட்டால் 400 ஹெர்ட்ஸ், 750 மில்லிசெகண்ட் ஒலி, 750 மில்லிசெகண்ட் அமைதி என்று கொடுங்கள்.

இன்னொன்று: 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு முன்னால் 0 சேர்த்தே அழைக்க வேண்டும். 6, 7, 8, 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண்ணை யாராவது அடித்தால், பிபிஎக்ஸே 0 சேர்த்து அனுப்பும்படி விதி எழுதுங்கள். 112 எந்த முன்னொட்டும் இல்லாமல் எல்லா ஃபோனிலிருந்தும் வெளியே போக வேண்டும்.

ஆ. எஸ்ஐபி ட்ரங்க் வாங்குவது. ஒரே நம்பரில் பலர் ஒரே நேரத்தில் பேச வேண்டுமென்றால் இது நல்ல வழி. பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள்: நிறுவனத்தின் பான், ஜிஎஸ்டி சான்று, பதிவுச் சான்று அல்லது கூட்டாண்மைப் பத்திரம், கையெழுத்திடும் அதிகாரம் இவருக்கு என்று லெட்டர்ஹெட்டில் சீலோடு கடிதம், அவருடைய அடையாளச் சான்று, இணைப்பு வரும் கட்டடத்துக்கு முகவரிச் சான்று. இடத்தை நேரில் பார்க்கவும் ஆள் வருவார்.

பலர் சிக்குவது முகவரியில். ஜிஎஸ்டி சான்றில் ஆபீஸ் முகவரி மட்டும் இருக்கும், இணைப்பு கேட்பதோ யூனிட்டுக்கு. விண்ணப்பிக்கும் முன்பே யூனிட்டைக் கூடுதல் தொழிலிடமாக ஜிஎஸ்டி தளத்தில் சேர்த்துவிடுங்கள். அதிகாரியின் ஒப்புதலுக்கு 15 வேலை நாள் வரை ஆகலாம். வாடகைக் கட்டடம் என்றால் ஒப்பந்தத்தில் கதவு எண்ணும் மின் கட்டண ரசீதில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே ஒத்துப் பாருங்கள்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை: குறைந்தபட்சம் எத்தனை சேனல் (ஒரே நேரத்தில் போகக்கூடிய அழைப்புகள்)? வாடகை மாதமா, வருடமா? புது ஃபைபர் இழுக்க வேண்டுமா? பாதியில் நிறுத்தினால் என்ன பிடிப்பார்கள்? சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா? பதில்களை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

7. இரவில் திருட்டு அழைப்பு போகாமலிருக்க

எஸ்ஐபி அழைப்புகள் வந்துபோகும் வாசலான பிபிஎக்ஸின் 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடிப் பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் நிரல்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 201-க்குப் பாஸ்வேர்டு 201 என்று வைத்தால், ஒரே இரவில் வெளிநாட்டு அழைப்புகளில் பெரும் பில் வரும். அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஐஎஸ்டியைப் பிபிஎக்ஸிலும் பூட்டுங்கள், டெலிகாம் நிறுவனத்திடமும் எழுதிக்கொடுத்துப் பூட்டுங்கள். வெளிநாட்டு பையரோடு பேசும் மெர்ச்சண்டைசருக்கு மட்டும் திறந்துவிடலாம். வெளியிலிருந்து இணைய வேண்டியவர் விபிஎன் என்ற பாதுகாப்பான தனி வழியாக வரட்டும்.

அழைப்புகளைப் பதிவு செய்வதாக இருந்தால் ஊழியர்களிடம் முன்னரே சொல்லி, அறிவிப்பும் ஒட்டுங்கள்.

8. சோதனை

ஃப்ரீபிபிஎக்ஸில் *43 அடித்தால் நீங்கள் பேசுவது உங்களுக்கே திரும்பக் கேட்கும். அதை அழைத்தபடி தரைத்தளத்திலிருந்து மொட்டைமாடிப் படி வரை நடந்து பாருங்கள். குரல் அறுபடும் இடத்தைக் குறித்துவையுங்கள். மெஷின்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் ஒருமுறை, மதிய உணவு இடைவேளையில் எல்லாரும் ஃபோன் பார்க்கும் நேரத்தில் ஒருமுறை செய்யுங்கள். பிறகு எல்லா ஃபோனையும் திரை அணைத்து இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் யாரும் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றாக அடியுங்கள். அடிக்காத ஃபோனில் பேட்டரி செட்டிங் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

9. செலவும் காலமும்

விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும், தோராயமாகச் சொல்கிறேன். தொழிலிடங்களுக்கான அக்சஸ் பாயிண்ட் ஒன்று 6,000 முதல் 12,000 ரூபாய். எட்டு போர்ட் பிஓஈ ஸ்விட்ச் அதே அளவு. ஃபோன் ஒன்றுக்கு 8,000 முதல் 10,000. கேட்6 கேபிள் 305 மீட்டர் பெட்டியாக வரும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம், முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் இழுக்கும் கூலியைக் கொட்டேஷனில் தனி வரியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் அதில்தான் தகராறு வரும். கை சுருங்கினால் ஃபோன் எண்ணிக்கையைக் குறையுங்கள், அக்சஸ் பாயிண்டைக் குறைக்காதீர்கள்.

கேபிள் வேலையை ஞாயிற்றுக்கிழமையிலோ ஏற்றுமதி முடிந்த வாரத்திலோ வையுங்கள். ஷிப்மென்ட் நெருக்கடியில் ஏணியோடு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். ட்ரங்க் விண்ணப்பத்தை எல்லாவற்றுக்கும் முன்பே கொடுத்துவிடுங்கள். வைஃபையும் பிபிஎக்ஸும் தயாரான பிறகும் அந்த ஒன்றுக்காகத்தான் காத்திருக்க நேரும்.

10. பழைய லைனைத் திருப்பிக் கொடுப்பது

புது ஏற்பாடு ஒரு முழு ஏற்றுமதிப் பருவத்தைத் தாண்டும்வரை பழைய இன்டர்காமைக் கழற்றாதீர்கள். லேண்ட்லைன் எண் உங்கள் பில் புத்தகத்தில், விசிட்டிங் கார்டில், பையர் கையில் எல்லாம் இருக்கும். ட்ரங்கில் வேறு எண் கிடைத்திருந்தால் இரண்டையும் சேர்த்தே ஓடவிடுங்கள். பழைய எண்ணுக்கு அழைப்பு நின்ற பிறகு, கடைசி பில் கட்டிய ரசீதோடு ஒப்படைப்புக் கடிதம் கொடுத்து, டெபாசிட் திரும்பக் கேட்டு, அவர்கள் கொடுத்த ஃபைபர் பெட்டியை ஒப்படைத்ததற்கு சீலோடு ஒப்புகை வாங்குங்கள். அந்த ஒப்புகை இல்லாமல் பெட்டியை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.